தயா பஸ்தியில் அரை நிமிஷம்

பதறாதீங்க சார், ஒக்காருங்க. இந்த வண்டியும் புது டெல்லிதான் போவும். நீங்க ஏறினது தப்பான வண்டி இல்ல, சுத்திப் போற பக்கம், அவ்வளவுதான். நிஜாமுதீன்லேருந்து அந்தப் பக்கமா போயிருந்தா நாலாவது ஸ்டேஷன், கால் மணி நேரத்துல முடிஞ்சிருக்கும். இந்தப் பக்கமா போனா ஊரை முழுசா ஒரு சுத்து சுத்தி, ஒரு மணி நேரத்துக்கு மேல ஆவும். எந்தப் பக்கம் போனாலும் அங்கதான் வரும். ரிங் ரயில்வேன்னு பேரே அதுக்குத்தான் வச்சிருக்காங்க.

எறங்கி ஆட்டோ புடிக்கலாம்தான். வேணாம் சார். இந்த நேரத்துல லாஜ்பத் நகர் ரோட்டுல நிக்கிற நேரத்துக்கு இங்க ஒக்காந்தே போயிடலாம். எடம் பாருங்க, மொத்தப் பொட்டிக்கும் நாம நாலு பேரு. காலை நீட்டிக்குங்க.

தமிழுன்னு எப்படிக் கண்டுபுடிச்சேன்னு பாக்கறீங்களா? ஏறினதும் போன்ல 'சாப்பிட்டேம்மா, சாப்பிட்டேன்'னு ரெண்டு தடவை சொன்னீங்களே. அதைக் கேட்டுத்தான் எழுந்து இந்தப் பக்கம் வந்தேன். நான் கன்னியப்பன். அரக்கோணம். இதே லைன்ல கார்டா இருந்து ரிட்டையர் ஆனவன். இப்ப கார்டுன்னு சொல்லக்கூடாதாம், டிரெயின் மேனேஜர்னு பேரை மாத்திட்டாங்க. நான் வீட்டுக்குப் போனப்புறம் மாத்தினாங்க. நான் கடைசி வரைக்கும் வெறும் கார்டுதான்.

இன்னைக்கு நான் தயா பஸ்தியில எறங்கணும் சார். பட்டேல் நகருக்கு அடுத்தது. உங்க ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் முன்னாடி வரும். அங்க ஒருத்தரைப் பாக்கணும். நாலு மாசமா எறங்கணும் எறங்கணும்னு இந்த வண்டியில வர்றேன், இன்னும் எறங்கல.

பொழுது போவாம சுத்தறேன்னு நெனைச்சிடாதீங்க. எனக்கு வேலை நெறைய இருக்கு. காலையில பால் வாங்கணும். செடிக்குத் தண்ணி ஊத்தணும். நாலு செடிதான், ஆனா ஊத்தணும் இல்லையா. என் சம்சாரம் ரேணுகா போயி ரெண்டு வருஷம் ஆச்சு. மத்திய சர்க்கார் ஆபீஸ்ல வேலை பாத்தா, அவளுக்காகத்தான் மெட்ராஸை விட்டு டெல்லிக்கே மாத்தல் வாங்கிட்டு வந்தேன். ஒரே பொண்ணு தேன்மொழி, ஐதராபாத்ல இருக்கு. தெனமும் போன் பண்ணும். தெனமும்னா, வாரத்துல ஒரு தடவை, ரெண்டு தடவை. அதுக்கும் வேலை இருக்குமில்ல.

நான் சொல்ல வந்தது சுர்ஜீத் சிங்கைப் பத்தி. இந்த வண்டியோட மோட்டார்மேன். அதாவது ஓட்டறவரு. ஆறு வருஷம் அவரு முன்னாடி, நான் பின்னாடி. அந்த ஆறு வருஷமும் அவரு மொகத்தை நான் பாத்ததில்ல.

சிரிக்காதீங்க சார், நெசமாத்தான். மெட்ராஸ்ல நான் பீச்சு–தாம்பரம், பீச்சு–அரக்கோணம் ஓட்டத்துல இருந்தேன். அங்க வண்டி கடைசி ஸ்டேஷனுக்குப் போனா திரும்பி வரணும். மின்சார வண்டியில இஞ்சினைக் கழட்டி மாட்டற வேலை கெடையாது, ரெண்டு முனையிலயும் ஓட்டற கேபின் இருக்கும். மோட்டார்மேன் எறங்கி அந்த முனைக்குப் போவாரு, கார்டு எறங்கி இந்த முனைக்கு வருவான். பிளாட்பாரத்துல எதிரெதிரா நடந்து வந்து நடுவுல சந்திப்போம். அங்க ஒரு டீ. 'பையனுக்கு ஜொரம் விட்டுச்சா?' 'உங்க மாமனார் எப்படி இருக்காரு?' ஒரு நாளைக்கு ஆறு தடவை இப்படி. காலையில சண்டை போட்டுக்கிட்டவங்க கூட மத்தியானத்துக்குள்ள பேசிடுவாங்க. வேற வழியில்ல, எதிர்ல வர்றானே மனுஷன்.

இந்த வண்டி திரும்பறதே இல்ல சார். சுத்திக்கிட்டே இருக்கும். முன்னாடி இருக்கறவரு முன்னாடியே இருப்பாரு, பின்னாடி இருக்கறவன் பின்னாடியே கெடக்க வேண்டியதுதான். அவரு வண்டியைக் கையில வாங்கறது ஒரு ஸ்டேஷன், நான் வாங்கறது வேற ஸ்டேஷன். கையெழுத்து போடற ஆபீசும் வேற வேற. நடுவுல பன்னெண்டு பொட்டி. ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் நிக்கறது அரை நிமிஷம். அரை நிமிஷத்துல கார்டு எங்க போயி யாரைப் பாக்கறது?

ஒரு நாள் லீவுல அவரு ஆபீசுக்கு நடந்து போயிருக்கலாமேன்னு கேப்பீங்க. ரேணுகாவும் இதைத்தான் கேட்டா. போயிருக்கலாம். அவரும் வந்திருக்கலாம் இல்லையா? நான் வெளியூர்க்காரன், அவரு இந்தப் பக்கத்து மனுஷன். முதல்ல அவரு வரட்டும்னு இருந்தேன்.

ஆனா பேசிக்கிட்டோம். எப்படின்னா மணியில. ரெண்டு கேபின்லயும் ஒரு மணி இருக்கும், இந்தப் பக்கம் பட்டனை அமுக்கினா அந்தப் பக்கம் அடிக்கும். எல்லாரும் ஏறியாச்சு, நான் ரெண்டு அடிப்பேன், கெளம்பலாம்னு அர்த்தம். அவரு திருப்பி ரெண்டு அடிச்சிட்டு வண்டியை எடுப்பாரு. இதுதான் சட்டம். முதல் நாள் இந்த ஆளு ரெண்டு அடிச்சிட்டு, கொஞ்சம் விட்டு, மெதுவா இன்னொண்ணு அடிச்சாரு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ரூல் புக்ல அப்படி ஒண்ணு கெடையாது. எழுதி மேல அனுப்பலாமான்னு கூட யோசிச்சேன். மூணாவது நாள்தான் வெளங்குச்சு. காலையில முதல் ஸ்டேஷன்ல மட்டும் அடிக்கறாரு. வணக்கம் சொல்றாரு மனுஷன். நாலாவது நாள் நானும் ஒண்ணு கூட அடிச்சேன்.

அப்புறம் கை. இது சுத்தற லைன் இல்லையா, வளைவு அதிகம். வளைவுல பின்னாடியிலேருந்து பாத்தா முன் பொட்டி ஜன்னல் தெரியும். எல்லாம் சரியான்னு அவரு கையை வெளிய நீட்டுவாரு, நான் பச்சைக் கொடி காட்டுவேன். அந்தக் கையில ஒரு இரும்பு வளை. வெயில்ல பளிச்சுன்னு தெரியும். பேரு எப்படித் தெரியும்னா, கார்டு தெனம் ஒரு நோட்டு எழுதணும், எந்த ஸ்டேஷன் எத்தனை மணிக்கு, ஓட்டினது யாருன்னு. ஆறு வருஷமா என் கையால தெனம் சுர்ஜீத் சிங், சுர்ஜீத் சிங்னு எழுதியிருக்கேன். என் பொண்ணு பேரைக் கூட அவ்வளவு தடவை எழுதினதில்ல.

ஒரு ஜனவரி மாசம், காலையில பரார் ஸ்கொயர்கிட்ட சிவப்பு சிக்னல்ல நின்னுட்டோம். நீங்க டெல்லிப் பனியைப் பாத்ததில்லையே. பக்கத்துப் பொட்டி தெரியாது. நீட்டின கையே பாதி தெரியாது. வண்டியில ஆளும் இல்ல. பத்து நிமிஷம் ஆச்சு, இருவது ஆச்சு. அந்தக் கேபின்ல நான் மட்டும். சொல்றதுக்கு என்னா வெக்கம், எனக்குப் பயமா இருந்துச்சு சார். இந்த உலகத்துல வேற யாருமே இல்லாத மாதிரி ஒரு பயம். அப்ப மணி ஒண்ணு அடிச்சுது. நானும் ஒண்ணு அடிச்சேன். கொஞ்ச நேரம் விட்டு மறுபடி ஒண்ணு. நாப்பது நிமிஷம் சார். சிக்னல் விழற வரைக்கும் அவரு ஒண்ணு, நான் ஒண்ணு. இருக்கியா, இருக்கேன். இருக்கியா, இருக்கேன். அதை விடவா ஒருத்தன்கிட்ட பேசணும்?

இதோ, லோதி காலனி வருது. சரியா இந்தப் பக்கம் பாருங்க. மரத்துக்குப் பின்னாடி மஞ்சக் கட்டடம் தெரியுதா? தண்டவாளத்தை ஒட்டி? அது ஒரு சமுதாயக் கூடம். தேன்மொழி கல்யாணம் அங்கதான் பண்ணினேன்.

ரயில்வேயில நான் கையால பேரு எழுதி மஞ்சள் தடவிக் குடுத்த பத்திரிகை ஒண்ணே ஒண்ணுதான். அவரு ஆபீஸ் கிளார்க்குகிட்ட குடுத்து, கண்டிப்பா அவரு கையிலயே சேக்கணும்னு சொன்னேன். சேத்துட்டேன்னு சொன்னான். கல்யாணத்தன்னைக்கு முன் வரிசையில என் பக்கத்துல ஒரு நாற்காலி போட்டு, துண்டு விரிச்சு வச்சேன். யாருக்குங்க அதுன்னு ரேணுகா கேட்டா. நம்ம வண்டிக்காரருக்குன்னேன். சம்பந்தி வீட்டாளுங்க ரெண்டு பேரு வந்து ஒக்காரப் பாத்தாங்க, ஆளு வருதுன்னு எழுப்பிட்டேன். அதுல அவங்களுக்கு வருத்தம், இன்னைக்கு வரைக்கும் சொல்லிக் காட்டறாங்க.

வரல சார்.

தாலி கட்டற நேரம் ஒம்போது நாப்பது. பின்னாடி ஒரு வண்டி போச்சு பாருங்க, ஹாரனை அமுக்கினது அமுக்கினதுதான், விடவே இல்ல. மேளக்காரரு கொட்டறதை நிறுத்திட்டு என்னைப் பாக்கறாரு. ஐயரு மந்திரம் யாருக்கும் கேக்கல. அங்க ரயில்வே கேட்டு கெடையாது, ஜனங்க கடக்கற எடமும் கெடையாது, எதுக்கு இந்த ஹாரன்னு எனக்குக் கோவம். கார்டு புத்தி, கடியாரத்தைப் பாத்தேன். நம்ம வண்டிதான், ஒரு நிமிஷம் பெசகாம வந்திருந்துச்சு. நான் லீவு போட்டாலும் வண்டி நேரத்துக்கு ஓடுதுன்னு ஒரு சின்ன சந்தோஷம் கூட. வேற ஒண்ணும் அப்பத் தோணல சார். பக்கத்து நாற்காலி காலியா இருந்தது மட்டும்தான் எனக்குத் தெரிஞ்சுது.

மறுவாரம் வேலைக்குப் போனேன். முதல் ஸ்டேஷன்ல நான் ரெண்டு அடிச்சேன். அவரு ரெண்டு அடிச்சாரு, கொஞ்சம் விட்டு இன்னொண்ணு அடிச்சாரு. நான் திருப்பி அடிக்கல. மறுநாளும் அடிச்சாரு. அதுக்கு மறுநாளும். சட்டப்படி என்னாவோ அதை மட்டும் நான் அடிச்சேன். வளைவுல கை நீட்டினா கொடி காட்டுவேன், அது என் வேலை, காட்டாம இருக்க முடியாது. ஆனா மொகத்தைத் திருப்பிக்குவேன். அவ்வளவு தூரத்துல அது அவருக்குத் தெரியாதுதான், இருந்தாலும் திருப்பிக்குவேன். மூணு வாரம் பாத்தாரு. அப்புறம் அவரும் அந்த மூணாவது மணியை விட்டுட்டாரு. விட்டதும் எனக்கு இன்னும் கோவம். ஒரு மூணு வாரம்தானா உன் சினேகிதம்னு.

கேபின்ல பேச வேற யாரு இருக்கா? அதுக்கப்புறம் ஒரு சுத்துன்னா ரெண்டு சுத்து மாதிரி இருந்துச்சு.

ஏழெட்டு மாசம் போச்சு. ஒரு நாள் சப்தர்ஜங்ல நிக்கறோம், கண்ட்ரோல்லேருந்து உத்தரவு. முன்னாடி தண்டவாள வேலை நடக்குது, வண்டியை மேல கொண்டு போவாத, அங்கேயே திருப்பி நிஜாமுதீனுக்கு எடுத்துட்டு வா. உங்களுக்குப் புரியுதா? திருப்பணும்னா முனை மாத்தணும். அவரு இந்த முனைக்கு வரணும், நான் அந்த முனைக்குப் போவணும். ஆறு வருஷத்துல முதல் தடவை. பிளாட்பாரத்துல நேருக்கு நேரா.

என் சாமான் பொட்டியைக் கையில எடுத்தேன். பிளாட்பாரத்துப் பக்கம் ஒரு காலை வச்சேன். பாத்தா அந்தக் கோடியில ஒரு வெள்ளைத் தலைப்பாகை எறங்கி வர ஆரம்பிச்சிருச்சு. வேகமா நடந்து வருது சார். டியூட்டியில யாரு அப்படி நடப்பா? எனக்கு என்னா ஆச்சுன்னு தெரியல. காலை உள்ள இழுத்துட்டு, அந்தப் பக்கக் கதவு வழியா ஜல்லியில எறங்கிட்டேன். தண்டவாளப் பக்கம். வண்டியோட அடிபாகத்தைப் பாத்துக்கிட்டே போவறது கார்டு வேலைதான், யாரும் தப்பு சொல்ல முடியாது. பிரேக் பாத்தேன். சக்கரம் பாத்தேன்.

ஆறாவது பொட்டிகிட்ட வந்தப்ப, ரெண்டு பக்கக் கதவும் தொறந்து கெடந்துச்சு. அந்தப் பக்கம் பிளாட்பாரத்துல ஒருத்தரு நிக்கறாரு. நான் கீழ ஜல்லியில குனிஞ்சு நிக்கறதால இடுப்பும் கையும்தான் தெரியுது. இரும்பு வளை போட்ட கை. கையில ஒரு பிளாஸ்க்கு, அதோட மூடிக்கு மேல இன்னொரு டம்ளர் கவுத்து வச்சிருந்தாரு. நடுவுல நின்னு அந்தப் பக்கம் திரும்பறாரு, இந்தப் பக்கம் திரும்பறாரு. நான் எட்டடி தூரத்துல நிக்கறேன். 'சார்'னு கூப்பிட்டா கேக்கும். கொஞ்சம் நிமிந்தா மொகம் தெரியும். நிமிரல. குனிஞ்சு போயிட்டேன்.

மூணு நிமிஷம் நின்னாரு அந்த எடத்துல. அப்புறம் மெதுவா நடந்து போனாரு. போயி ஏறினாரு. நான் ரெண்டு அடிச்சேன். அவரு ரெண்டு அடிச்சாரு.

இதுக்கு மேல ஒண்ணு இருக்கு. சொல்லவா வேணாமான்னு பாக்கறேன். சொல்லிடறேன், நீங்க நியாயம் சொல்லுங்க. வண்டி மூணு நிமிஷம் தாமசமா கெளம்புச்சு. தாமசத்துக்குக் காரணம் நோட்டுல எழுதணும். நான் எழுதினேன், மோட்டார்மேன் முனை மாறத் தாமதம், மூணு நிமிஷம்னு. எழுதினது பொய்யா சார்? மூணு நிமிஷம் லேட்டு. யாரால? அவரு நின்னதாலதானே? கார்டு உள்ளதை உள்ளபடி எழுதணும்.

அவருக்கு மெமோ போச்சு, வெளக்கம் கேட்டு. ரிட்டையர் ஆவ அஞ்சு மாசம் இருக்கு அப்ப அவருக்கு. அவரு எழுதின பதிலோட நகல் ஒண்ணு எனக்கும் வந்துச்சு. ஒத்தை வரி. தண்ணி குடிக்க நின்னேன், தவறு என்னுடையதுன்னு. கார்டைத் தேடினேன்னு எழுதியிருக்கலாம். கார்டு பிளாட்பாரத்துல வரலன்னு எழுதியிருந்தா எனக்குத்தான் மெமோ வந்திருக்கும். எழுதல. ஏன் எழுதலன்னு எனக்கு இன்னைக்கும் ஆத்திரமா வருது சார். எழுதியிருந்தா கணக்கு சரியாப் போயிருக்கும்.

அவரு ரிட்டையர்மென்ட் பார்ட்டிக்கு நான் போவல. அன்னைக்கு எனக்கு பிரஷர் ஏறியிருந்துச்சு. ரேணுகா பாத்து, நூத்திருவதுக்கு எம்பதுதான இருக்கு, போயிட்டு வாங்களேன்னா. மிசின் சரியில்லன்னேன். மறு வருஷம் நானும் வெளிய வந்தேன். அப்புறம் அவ போயிட்டா. அதோட எல்லாம் முடிஞ்சுதுன்னுதான் இருந்தேன்.

நாலு மாசம் முன்னாடி கடைத்தெருவுல நௌஷாத்தைப் பாத்தேன். இன்னைக்கு இந்த வண்டியில கடைசிப் பொட்டியில கார்டா இருக்கானே, அவன்தான். அந்தக் காலத்துல யாராவது லீவு போட்டா அந்த எடத்துக்கு வர்ற ஆளு. தேன்மொழி கல்யாணத்தன்னைக்கு என் எடத்துல அவன்தான் வந்திருக்கான். என்னைப் பாத்ததும் கையைப் புடிச்சிக்கிட்டான். 'அண்ணா, சர்தார்ஜி உங்களைக் கேட்டுக்கிட்டே இருக்காரு. தயா பஸ்தியில ஸ்டேஷனுக்குப் பின்னாடிதான் வீடு. தெனம் காலையில நம்ம வண்டி நேரத்துக்கு வந்து பெஞ்சுல ஒக்காந்துக்கறாரு. என் கார்டு எங்கேன்னு கேக்கறாரு'ன்னான். அப்புறம்தான் அந்த விஷயத்தைச் சொன்னான். கல்யாணத்துக்கு வர லீவு கேட்டிருக்காரு. ஓட்ட மாத்து ஆளு இல்லன்னு லீவு கெடைக்கல. தாலி கட்டற நேரம் எத்தனைன்னு பத்திரிகையைக் காட்டிக் கேட்டாராம் நௌஷாத்கிட்ட. மண்டபத்துகிட்ட வந்ததும் ஹாரன்ல கையை வச்சவருதான்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? காய்கறிப் பையோட ரோட்டு ஓரத்துல ஒக்காந்துட்டேன். வண்டி நேரத்துக்கு வந்துச்சுன்னு கடியாரம் பாத்தவன் நான். அது யாரு ஓட்டற வண்டின்னு நெனைக்கல பாருங்க. ஆனா ஒண்ணு சார். லீவு கெடைக்கலன்னு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாம் இல்லையா? மணி அடிச்சுச் சொல்ல முடியாதுதான். கிளார்க்குகிட்ட சொல்லியிருக்கலாம். அது அவரு பக்கத்துத் தப்புதான். அதை நான் விட்டுத்தர மாட்டேன்.

மறுநாளே இந்த வண்டியில ஏறிட்டேன், தயா பஸ்திக்கு. ஸ்டேஷன் வந்துச்சு. பெஞ்சுல ஒக்காந்திருந்தாரு. வெள்ளைத் தலைப்பாகை, வெள்ளை தாடி, கோலு ஒண்ணு. அன்னைக்குத்தான் மொகத்தைப் பாத்தேன். நான் நெனைச்ச மாதிரி இல்ல, சின்ன மொகம். எழுந்து கதவுகிட்ட வந்தேன். அந்த மெமோ ஞாபகம் வந்துச்சு. என்னான்னு சொல்லிட்டு எறங்குவேன்? அரை நிமிஷம் முடிஞ்சு வண்டி எடுத்துட்டான். சரி, நாளைக்குன்னு இருந்துட்டேன். மறுநாள் மழை. அதுக்கு மறுநாள் முட்டி வலி. ஒரு நாள் கூட்டம். இந்த வண்டியில கூட்டம் கெடையாதுதான், ஆனா அன்னைக்குக் கொஞ்சம் இருந்துச்சு. சாதாரண லைனா இருந்தா கடைசி ஸ்டேஷன்ல எறங்கித்தான் ஆவணும். இதுல அந்தக் கட்டாயம் இல்ல. போனது போவட்டும்னு ஒக்காந்திருந்தா ஏறின எடத்துக்கே கொண்டு வந்து விட்டுடுது.

வண்டி உள்ள வரும்போது அவரு எழுந்து நிப்பாரு. ஒவ்வொரு பொட்டியா பாத்துக்கிட்டே வந்து, கடைசிப் பொட்டியில கண்ணை நிறுத்துவாரு. நான் நடுப் பொட்டியில ஒக்காந்திருப்பேன். ஒரு நாள் என் கண்ணும் அவரு கண்ணும் நேருக்கு நேரா பாத்துக்கிச்சு. இந்தத் தூரம்தான் சார், உங்களுக்கும் எனக்கும் இருக்கற தூரம். அவருக்கு என் மொகம் தெரியாதே. நான் எறங்கற வரைக்கும் அவருகிட்ட சொல்லாதன்னு நௌஷாத்கிட்டயும் சொல்லி வச்சிருந்தேன். பாத்துட்டு, என்னைத் தாண்டி கடைசிப் பொட்டிக்குப் போயிட்டாரு. அன்னைக்கு வீட்டுக்கு வந்து சமைக்கல.

நேத்து நௌஷாத் போன் பண்ணினான். சர்தார்ஜிக்கு ஒடம்பு சரியில்ல, மகன் வந்திருக்கான், குர்தாஸ்பூர் பக்கத்துல சொந்த ஊருக்கே கூட்டிட்டுப் போறான், திரும்பி வர மாட்டாரு அண்ணா, நாளைக்காவது எறங்குங்கன்னான். எறங்கறேன்னு சொல்லிட்டேன். சட்டையைப் பாருங்க, இஸ்திரி போட்டது. சவரம் பண்ணியிருக்கேன். ராத்திரி பூரா என்னா பேசறதுன்னு தயார் பண்ணி வச்சிருக்கேன். ஹாரன் கேட்டுச்சுன்னு முதல்ல சொல்லணும். அது போதும், மெமோவைப் பத்தி அவரா கேட்டாப் பேசிக்கலாம்.

பட்டேல் நகர் போயிடுச்சா? பேச்சுல கவனிக்கல. அப்ப அடுத்தது அதான். இருங்க, எழுந்துக்கறேன். முட்டி புடிச்சிருச்சு, ஒரு கை குடுங்க. தேங்க்ஸ் சார்.

ஒரு ஒத்தாசை பண்ணுங்க. நீங்க கதவுகிட்ட நின்னு பாருங்க. நான் பாக்கல. பிளாட்பாரம் ஆரம்பிச்சதும் ரெண்டாவது பெஞ்சு. வெள்ளைத் தலைப்பாகை, வெள்ளை தாடி. இருக்காரா? நல்லா பாருங்க சார், சில நாள் தூணுக்கு இந்தப் பக்கம் நிப்பாரு. அதுவும் இல்லையா? தண்ணிக் கொழாகிட்ட? யாருமே இல்லையா?

நகருங்க, நான் பாக்கறேன்.

சரி. இருங்க, நான் எறங்கறேன். புடிக்க வேணாம், விடுங்க, எறங்கத் தெரியும். முப்பத்தோரு வருஷம் ஏறி எறங்கினவன்.

பாத்தீங்களா சார், எறங்கிட்டேன். தயா பஸ்தியில நிக்கறேன். நாலு மாசமா எறங்கல எறங்கலன்னு நௌஷாத் சொல்லிக்கிட்டிருந்தான் இல்ல, இப்ப அவனே அங்கேருந்து எட்டிப் பாக்கறான் பாருங்க. நீங்கதான் சாட்சி. நான் வந்தேன். கல்யாணத்துக்கும் அவரு வரல, இன்னைக்கும் அவரு வரல. நான் வந்திருக்கேன். இனிமே யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது.

ரெண்டு அடிச்சிட்டான், கேட்டுச்சா? வண்டி நகருது, தலையை உள்ள இழுத்துக்குங்க. இல்ல, நான் ஏறல. காலையில இதுதான் கடைசிச் சுத்து, அடுத்த வண்டி சாயங்காலம்தான், பரவாயில்ல, பெஞ்சு இருக்கு, ஒக்காந்துக்கறேன். உங்களுக்கு இன்னும் மூணு நாலு ஸ்டேஷன்தான், தூங்கிடாதீங்க. சார், ஒண்ணு கேக்கறேன். நாலு மாசமா ஒரு நாள் தவறாம வந்த மனுஷன், இன்னைக்கு மட்டும் ஏன் சார் வரல?